காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பழுதுபார்ப்பு

காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பழுதுபார்ப்பு என்பது இந்தியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான பாதுகாப்பு ஒத்துழைப்பின் ஒரு பகுதியாகும். எண்ணூருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள லார்சன் அன்ட் டூப்ரோ நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் 2022 ஆம் ஆண்டு இப்பணி தொடங்கியது.

பின்னணி

ஆகஸ்ட் 2016 இல் இரு நாடுகளும் படைத்துறை வழங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இதன்படி ஒரு நாட்டின் படைகள் மற்ற நாட்டின் தளங்களில் எரிபொருள், உணவு, உதிரிப்பாகங்கள் போன்றவற்றைப் பெற்று, பின்னர் ஈடு செய்யலாம். இந்தியாவின் தற்சார்பு வெளியுறவுக் கொள்கையை இது பாதிக்கும் என இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. இவ்வுடன்பாடு படைத்தளம் அமைக்க இடமளிக்கவில்லை என நடுவண் அரசு விளக்கியது. ஏப்ரல் 2022 இல் வாசிங்டனில் நடைபெற்ற வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களின் கூட்டத்தில், அமெரிக்கக் கப்பல்களை இந்தியத் தளங்களில் பழுதுபார்ப்பது பற்றி ஆராய முடிவு செய்யப்பட்டது.

முதல் கப்பல்

ஆகஸ்ட் 7, 2022 அன்று சார்லஸ் ட்ரூ என்னும் கப்பல் காட்டுப்பள்ளியை வந்தடைந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று பழுதுபார்ப்புக்காக இந்தியா வந்தது இதுவே முதன்முறையாகும். இது போர்க்கப்பல் அன்று. நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு உணவு, வெடிபொருள், எரிபொருள் முதலியவற்றை வழங்கும் துணைக்கப்பல். சுமார் 210 மீட்டர் நீளமுடையது. குருதி வங்கித் துறையின் முன்னோடியான கறுப்பின மருத்துவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. 2023 இல் மேத்யூ பெர்ரி, சால்வர் ஆகிய கப்பல்களும் இங்கு வந்தன.

பழுதுபார்ப்பு உடன்பாடு

2023 இல் அமெரிக்கக் கடற்படை இத்தளத்துடன் ஐந்தாண்டு முதன்மைப் பழுதுபார்ப்பு உடன்பாடு செய்துகொண்டது. இது குறிப்பிட்ட அளவு வேலையை உறுதி செய்வதில்லை. பணிகளுக்கு விலைப்புள்ளி அளிக்கும் தகுதியையே தருகிறது. மேலும், தாய்நாட்டுத் துறைமுகங்களைச் சேர்ந்த கடற்படைக் கப்பல்களை வெளிநாட்டில் முழுமையாகச் செப்பனிட அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பயணத்தின்போது தேவைப்படும் பழுதுநீக்கத்துக்கு விலக்கு உண்டு. பின்னர் மும்பையின் மசகான் கப்பல் தளமும் (2023), கொச்சி கப்பல் தளமும் (2024) இத்தகைய உடன்பாடுகளைப் பெற்றன.

உள்ளூர்ச் சூழல்

இத்தளத்தை ஒட்டியுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 இல் அதானி குழுமத்தின் வசமானது. கப்பல் கட்டும் தளம் லார்சன் அன்ட் டூப்ரோவிடமே உள்ளது. துறைமுக விரிவாக்கத் திட்டத்தால் கடலரிப்பு மிகும், பழவேற்காடு ஏரியும் மீன்பிடித் தொழிலும் பாதிக்கப்படும் எனக் கூறி அப்பகுதி மீனவர்கள் அதனை எதிர்த்து வந்துள்ளனர். பழுதுபார்ப்பு உடன்பாடு இத்திட்டத்தின் பகுதி அன்று. எனினும் இரண்டும் ஒரே கடற்கரையைச் சார்ந்தவை.