கல்லில் ஒரு பெயர்: சாதாரணச் சிப்பாயை நினைவுகூர்தல்

யுத்தம் முடிந்தபின் தளபதிகளைப் பற்றிப் புத்தகங்கள் வருகின்றன. காவலரணில் நின்று இறந்தவரைப் பற்றி எழுத ஆளில்லை. அநேகமாக அவர் இளவயதுக்காரர். சொத்தோ பிள்ளைகளோ இல்லாமல் போனவர். வீட்டுக்கு வெளியே அவருக்கு மிஞ்சுவது பெயர் பொறித்த ஒரு கல் மட்டும். நினைவேந்தல் உரிமை பற்றி எழுதிவரும் எனக்கு, ஒவ்வொரு கார்த்திகையிலும் எழும் சர்ச்சைகளில் காணாமல் போவது இந்தச் சின்ன உண்மைதான் என்று படுகிறது.

நடுகல்

தமிழருக்கு இது பழைய வழக்கம். கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து அதை நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்கிறது. தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006 இல் தமிழி எழுத்துகளுடன் நடுகற்கள் கிடைத்தன. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றில் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் இறந்த அந்தவன் என்பவருக்கு நடப்பட்டது. அவர் அரசரல்லர். ஆனாலும் அவருடைய பெயரும் பூசல் நடந்த ஊரும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

ஒரே அளவுக் கல்

ஐரோப்பாவில் 19 ஆம் நூற்றாண்டு வரை சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் பெயரில்லாத பொதுக்குழிகளில்தான் புதைக்கப்பட்டார்கள். முதலாம் உலகப் போரின்போது ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால், 1917 இல் பிரித்தானியப் பேரரசின் போர்க்கல்லறை ஆணைக்குழு உருவானது. இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்க வேண்டும். பதவி, இனம், மதம் பார்த்துக் கல்லறையில் வேறுபாடு காட்டக்கூடாது என்பவை அதன் கொள்கைகள். கண்டியிலும் திருகோணமலை நிலாவெளி வீதியிலும் உள்ள கல்லறைத் தோட்டங்களில் இதைக் கண்ணால் காணலாம்.

கொள்கை எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 45,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களே பதியப்படாமல் போயிருக்கலாம் என்றும் 2021 இல் வெளியான அறிக்கையை ஏற்று அந்த ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது.

துயிலுமில்லம்

விடுதலைப் புலிகள் தொடக்கத்தில் தமது போராளிகளின் உடல்களை எரித்தார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து துயிலுமில்லங்களில் புதைக்கத் தொடங்கினார்கள். உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல். பதவி எதுவானாலும் அளவு ஒன்றுதான்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. இயக்கத்துக்குப் போனவருக்கு அங்கே வேறு பெயர். கூட நின்றவர்கள் பலருக்கு இயற்பெயர் தெரியாது. ஊராருக்கு இயக்கப் பெயர் தெரியாது. இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பொறித்த இடம் அந்தக் கல்தான். அதை இடித்தபோது அந்த இணைப்பும் அறுந்தது.

குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனபின் கோப்பாய் துயிலுமில்லம் இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தின்பின் மீளக் கட்டப்பட்டு, யுத்தம் முடிந்தபின் மறுபடியும் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் 2011 மார்ச்சில் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. 2016 இல் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் பற்றையை வெட்டி, உடைந்த கற்களைச் சேர்த்து வைத்து விளக்கேற்றினார்கள்.

அந்தக் கற்களுக்குரியவர்களில் விரும்பிப் போனவர்களும் உண்டு. கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டவர்களும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்டு. இயக்கத்தின் மீது இன்றும் கோபமுள்ள தாய்க்கும் அழுவதற்கு அந்த இடம்தான் இருந்தது. 2009 இன் இறுதி மாதங்களில் இறந்த பலருக்கு அப்படியொரு கல்லே வைக்கப்படவில்லை.

தெற்கிலும்

1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். உடல் வந்து சேராத வீடுகள் தெற்கிலும் பல உள்ளன. பத்தரமுல்லையில் படையினருக்கு அரச நினைவுத்தூபி இருந்தும், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று இன்னும் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், யுத்தக் களத்தில் காணாமற்போன படையினர் பற்றியும் விசாரிக்கலாம்.

சட்டம் சொல்வது

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2005 இல் வெளியிட்ட வழக்காற்று மனிதாபிமானச் சட்டத் தொகுப்பின் 115 ஆம் விதி, இறந்தவர்களை மரியாதையுடன் அடக்கம் செய்து, கல்லறைகளை மதித்துப் பேண வேண்டும் என்கிறது. 116 ஆம் விதி, அடக்கத்துக்கு முன் அடையாள விபரங்களைப் பதியச் சொல்கிறது. இரண்டும் உள்நாட்டு யுத்தத்துக்கும் பொருந்தும். இறந்தவர் எந்தத் தரப்பு என்று அவை கேட்பதில்லை.

வீட்டில் எழுதி வைக்க வேண்டியவை

கல் இல்லாத இடத்தில் கொப்பி இருக்கட்டும். இயற்பெயர், இயக்கப் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, இறந்த களம், எந்தத் துயிலுமில்லம், எந்த வரிசை, அருகில் யாருடைய கல் இருந்தது: தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். செய்தி கொண்டுவந்தவரின் பெயரையும் சேருங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பெயர் எழுதுங்கள். நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்திருப்பதால், இவற்றை முகநூலில் போடாமல் வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது.

பெற்றோருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பெயர்களும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.