துணி உலர்த்தியில் சேரும் பஞ்சு

நம் வீடுகளில் 'டிரையர்' என்று வழங்கும் தொட்டி, துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைச் சிதறடிப்பதோடு சரி. அதில் சூடு கிடையாது. இங்கே சொல்லப் போவது வேறு இயந்திரத்தைப் பற்றி. பனி நாடுகளில் கொடியில் போட்ட துணி நாள் கணக்கில் காயாது. அதனால் அங்கே சூடான காற்றைச் செலுத்தித் துணியை உலர்த்துகிறார்கள்.

1800-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் போஷோன் என்பவர் துளையிட்ட உலோக உருளை ஒன்றை நெருப்புக்கு மேலே கையால் சுழற்றிப் பார்த்தார். 1892-இல் அமெரிக்கரான ஜார்ஜ் சாம்ப்சன், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு துணி உலர்த்தும் சட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். தானே இயங்கும் உலர்த்தியை வகுத்தவர் வடக்கு டக்கோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர். ஹாமில்டன் நிறுவனம் அதை 1938-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கதவில் கண்ணாடிச் சாளரம் வைக்கும்படி யோசனை சொன்னவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர். உள்ளே துணி புரளுவதைப் பார்த்தால்தானே மக்கள் வாங்குவார்கள்!

ஆனால் அந்தச் சாளரத்தின் வழியே தெரியாத ஒன்று உண்டு. ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஈரம் உள்ளவரை வெப்பத்தின் பெரும்பகுதி இதற்கே செலவாவதால் துணி அதிகம் சூடேறுவதில்லை. ஆவியை வெளியே கொண்டு போவது விசிறியின் வேலை. துணி புரளும்போது உதிரும் நுண்ணிழைகளைச் சல்லடை பிடித்துக் கொள்கிறது. தப்பியவை புகைபோக்கிக் குழாயில் படிகின்றன. குழாய் அடைபட்டால் காற்றோட்டம் குறையும், துணி காயாது. வீட்டுக்காரர் மறுபடியும் இயந்திரத்தை ஓட்டுவார். வெப்பத்தை வாங்கிச் செல்லப் போதிய காற்று இல்லாமல் மின்சுருளைச் சுற்றி சூடு ஏறும். பஞ்சிழையோ எடையில் அற்பம், பரப்பில் அதிகம், எளிதில் பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் இந்த இயந்திரங்களால் நேர்ந்தன. காரணங்களில் முதலிடம், 34 விழுக்காடு, சுத்தம் செய்யாமைக்கே.

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் மீது போடுவதும் நியாயமன்று. பிரிட்டனில் விற்ற இலட்சக்கணக்கான உலர்த்திகளில் பஞ்சு நேராக மின்சுருள் மேலேயே விழ வழியிருந்தது என 2015 நவம்பரில் தெரிய வந்தது. சல்லடையை எவ்வளவு துடைத்தாலும் அதற்குப் பயனில்லை. அப்படியிருந்தும், பழுது நீக்கும் வரை வீட்டில் ஆள் இருக்கும்போது ஓட்டலாம் என்றே தயாரிப்பாளர் சொன்னார். 2016 ஆகஸ்டில் லண்டனில் 18 மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடியில், வீட்டில் ஆள் இருக்கும்போதே அத்தகைய உலர்த்தி தீப்பிடித்தது. பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. மின் இணைப்பையே துண்டியுங்கள் என்ற அறிவுரை 2017-இல்தான் வந்தது. இயந்திரங்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 2019-இல்.

வெளிநாட்டில் உறவினர் வீட்டுக்குச் சென்றால் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் சல்லடையை வழித்தெடுக்க வேண்டும். இயந்திரத்தின் பின்னுள்ள குழாய் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் பஞ்சு தங்கும். வழவழப்பான உலோகக் குழாயே நல்லது. குழாயைத் திறக்குமுன் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் ஊறிய துணியை, துவைத்ததேயாயினும், உள்ளே போடலாகாது. துணியில் தங்கிய எண்ணெய் ஆக்சிஜனுடன் சேர்ந்து தானாகவே சூடேறும். இயந்திரத்தை நிறுத்தி, துணியைக் குவித்து வைத்துச் சில மணி நேரம் கழிந்த பின்னும் புகையத் தொடங்கலாம்.