ஓர் அரசரின் பயணத் தாள்கள்



சிங்கப்பூரின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே உயர்ந்த பீடமொன்றின்மீது வெண்கல யானை ஒன்று நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சயாம் நாட்டின் அரசர் சுலாலோங்கோன் 1871ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கியதன் நினைவாக அளித்த அன்பளிப்பு அது. சயாமிய அரசர் ஒருவர் கால்வைத்த முதல் வெளிநாட்டு மண் சிங்கப்பூர்தான் என்பதைப் பீடத்தின் கல்வெட்டு கூறுகிறது. யானையைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எளிது. அந்தப் பயணத்தின் தாள்கள் எங்கே உள்ளன, அவை எவ்வாறு இதுநாள்வரை பிழைத்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இப்பதிவில் அதைப் பற்றியே எழுத விழைகிறேன்.

சுலாலோங்கோன் என்னும் பெயர் நம் காதுக்கு அயலாக ஒலித்தாலும் அதன் வேர் நமக்குப் பழக்கமானதுதான். சூளா, அலங்கரணம் என்னும் இரு சொற்களின் கூட்டு அது. முடியணி என்று பொருள். 1868இல் பதினைந்து வயதில் அரியணை ஏறிய இவர், 1910இல் மறையும் வரை ஆண்டார். 1871இல் சிங்கப்பூருக்கும் சாவகத்திற்கும், அதையடுத்து இந்தியாவிற்கும், 1896இலும் 1901இலும் மீண்டும் சாவகத்திற்கும், 1897இலும் 1907இலும் ஐரோப்பாவிற்கும் சென்றார். மலாய்த் தீபகற்பத்தின் கரையோர ஊர்களுக்கும் பலமுறை வந்து போயிருக்கிறார்.

ஓர் அரசரின் பயணம் என்றால் பெருந்தொகையான தாள்கள் பிறக்கும். தந்திகள், செலவுக் கணக்குகள், கொடுத்தவை பெற்றவை பற்றிய பட்டியல்கள், விருந்தில் யார் எங்கே அமர்வது என்னும் குறிப்புகள், தூதர்களின் அறிக்கைகள், கடிதங்கள் எனப் பலவகைப்படும். 1871இல் சிங்கப்பூரில் சயாமின் தூதராக இருந்தவர் தான் கிம் சிங் என்னும் செல்வந்தர். அவர் வழியாகச் சென்ற செய்திகளும் இத்தகைய தாள்களே.

1897ஆம் ஆண்டுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் புறப்பட்டு டிசம்பரில் திரும்பும்வரை நாட்டின் பொறுப்பை அரசி சவோபா ஏற்றிருந்தார். அரசர் அவருக்குத் தம் கைப்பட மடல்கள் எழுதினார். உடன் சென்ற பிரயா ஸ்ரீசகதேப் என்னும் அதிகாரி தனியே பயணக் குறிப்பு எழுதினார். வரவேற்ற நாடுகளும் தத்தம் பக்கத்தில் பதிவுகள் வைத்தன. ஒரே பயணத்தை மூன்று கண்கள் பார்க்கின்றன. மனைவிக்கு எழுதுபவர் களைப்பையும் சலிப்பையும் மறைப்பதில்லை. அதிகாரியோ முறைமை வழுவாது எழுதுகிறார். இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் வரலாறு உயிர் பெறுகிறது.

1907ஆம் ஆண்டு மடல்கள் இன்னும் நெருக்கமானவை. உடல்நலம் குன்றியிருந்த அரசர், தம் அந்தரங்கச் செயலாளராகவும் விளங்கிய மகள் நிபா நொப்படோனுக்கு 43 மடல்கள் எழுதினார். 'வீட்டினின்று தொலைவில்' என்று பொருள்படும் 'க்லை பான்' என்னும் பெயரில் அவை நூலாயின. உண்ட உணவு, பார்த்த ஊர், பிடிக்காத மனிதர் எல்லாம் அவற்றில் உண்டு. மகளுக்குத் தந்தை எழுதிய மடல் என்றுதான் என் மாணவர்களிடம் அறிமுகப்படுத்துவேன். அரசர் என்றால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள், தந்தை என்றதும் அருகே வருவார்கள்.

இனித் தாள்களின் வாழ்க்கைக்கு வருவோம். இவர் ஆட்சிக்கால ஆவணங்கள் பேங்காக்கிலுள்ள தாய்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஏறத்தாழ 8,00,000 பக்கங்கள்! 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அரசவையின் கண்ணாடித்தட்டு நிழற்படங்கள் 35,000க்கும் மேற்பட்டவை 2017இல் அதே பதிவேட்டில் இடம்பெற்றன.

சயாமில் பழங்காலத்தில் மடிப்பு மடிப்பாக விரியும் ஏடுகளில் எழுதினர். அந்தத் தாள் 'கோய்' எனப்படும் மரத்தின் பட்டையிலிருந்து செய்யப்படுவது. அது வேறு மரமன்று, நம் பராய் மரமேதான்! திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பராய்த்துறை எந்த மரத்தால் பெயர் பெற்றதோ அதே மரம். பராய்ப் பட்டைத் தாளைப் பூச்சிகள் எளிதில் அரிப்பதில்லை. ஆனால் சுலாலோங்கோனின் அலுவலகங்கள் நவீனமானபோது ஆலைத்தாள் வந்தது. இரும்பு கலந்த மையும் வந்தது. மரக்கூழால் செய்த தாள் தன்னுள்ளிருக்கும் அமிலத்தால் பழுத்து நொறுங்கும். இரும்பு மையோ எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்துத் துளையாக்கிவிடும். பழைய முறையில் எழுதியது நின்றது, புதிய முறையில் எழுதியதற்கு மருத்துவம் தேவைப்பட்டது என்பது எனக்கு வியப்பளிக்கும் முரண். இதனுடன் நம் பகுதியின் ஈரக்காற்றும் கறையானும் வெள்ளிப்பூச்சியும் சேர்ந்துகொள்கின்றன. ஆவணக்காப்பாளர்கள் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் மாறாமல் வைக்கிறார்கள். அமிலமற்ற உறைகளில் இடுகிறார்கள். கிழிந்த இடத்தில் மெல்லிய சப்பானியத் தாளை ஒட்டுகிறார்கள். பொறுமை மிக்கவர்களுக்கே இந்தப் பணி கைவரும்.

பெட்டிக்குள் வைத்துக் காப்பது ஒரு வழி என்றால், படி எடுத்துப் பரப்புவது மற்றொரு வழி. சயாமில் இதற்கு ஒரு வழக்கம் கைகொடுத்தது. இறந்தவரின் நினைவாக ஏதேனும் ஒரு நூலை அச்சிட்டு, எரியூட்டும் சடங்கிற்கு வந்தோர்க்கு வழங்குவார்கள். அரசரின் மாற்றாந்தாய் வழித் தம்பியான இளவரசர் டாம்ரோங், பழைய ஆவணங்களையும் பயணக் குறிப்புகளையும் தேர்ந்து, முன்னுரை எழுதி, இத்தகைய நூல்களாக வரச் செய்தார். துக்க வீட்டில் கொடுத்த புத்தகம் நூற்றுக்கணக்கான வீடுகளில் தங்கிவிடும். ஒன்று கறையானுக்குப் போனாலும் மற்றொன்று இருக்கும். நம் வீடுகளில் கருமாதிக்குப் பாத்திரம் கொடுக்கிறோம். புத்தகம் கொடுத்தாலென்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த டாம்ரோங் நமக்கு அயலார் அல்லர். 1932இல் சயாமில் நடந்த அரசியல் மாற்றத்திற்குப்பின், 1933 முதல் 1942 வரை பினாங்கில்தான் வாழ்ந்தார். அங்கிருந்தபடி பேங்காக்கிலிருந்த இளவரசர் நரிஸ் அவர்களுக்கு எழுதிய மடல்களும் பெற்ற மறுமொழிகளும் பெருந்தொகுப்பாக அச்சேறின. அதுவும் இன்று வரலாற்றுச் சான்றே.

இத்தாள்களில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை சயாமின் மேலாண்மையில் இருந்தன. ஆகவே அரசரின் மலாய்த் தீபகற்பப் பயணக் குறிப்புகள் மலேசிய வரலாற்றின் பக்கங்களும் ஆகும். அவை தாய்மொழியில் இருப்பதால் நம் வகுப்பறைக்கு வருவதேயில்லை. வந்தாலும் கவனம் வேண்டும். திறை பெறுபவரின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். பொன்மலரும் வெள்ளிமலரும் அனுப்பியவர்களின் மனநிலை அங்கே இராது. அதற்கு மலாய் அரசவைகளின் பக்கத்தையும் தேட வேண்டும்.

தாள்கள் இல்லாதபோது என்ன ஆகும்? கதைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இளமையில் சுலாலோங்கோனுக்கு ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவென்ஸ் எழுதிய நூல்களிலிருந்து கிளைத்த திரைப்படங்களே உலகின் கண்ணுக்குச் சயாமைக் காட்டின. 1999இல் வெளிவந்த படம் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது. படமாக்கியது நம் ஈப்போவிலும் பினாங்கிலும்! படத்தைப் பார்த்த பெற்றோர் பலருக்கு அரசவைத் தாள்கள் காட்டும் சயாம் முற்றிலும் வேறாகத் தோன்றும்.

நான் அறிந்த தோட்டப்பள்ளி ஒன்று இடம் மாறியபோது, பல பத்தாண்டுகளின் சேர்க்கைப் பதிவேடுகள் பழைய தாள் வாங்குபவரின் வண்டியில் ஏறிப் போயின. அரசருக்குக் காப்பகம் கிடைத்தது. பால்மரத் தொழிலாளியின் மகள் எந்த ஆண்டு பள்ளிக்கு வந்தாள் என்பதற்கு ஒரே சான்று அந்தப் பதிவேடுதான். உங்கள் பள்ளியின் இரும்பு அலமாரியில் அப்படி ஏதேனும் மிஞ்சியிருந்தால், பழைய இரும்பு ஊசிகளையும் இழைப்பட்டைகளையும் நீக்குங்கள். நெகிழிப் பையில் இறுக்கி வைக்காதீர்கள். முதலில் ஒளிப்படமாவது எடுத்துவிடுங்கள்.

வகுப்பில் இதனைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி உண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளேடுகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. 1871ஆம் ஆண்டுக்குரியவை ஆங்கில ஏடுகள்தாம், உயர்நிலை மாணவர்களுக்குக் கடினமாக இராது. 1871 மார்ச் 16ஐ அடுத்து வந்த நாள்களிலிருந்து தொடங்கலாம்.