மைக்கைக் கைமாற்றிவிட்டுப் போனவர்கள்

கிரிக்கெட்டைக் காதால் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி டெஸ்ட் நடந்தால் தமிழில் நேர்முக வர்ணனை வரும். அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி என்று பெயர்களைச் சொன்னாலே என் வயதுக்காரர்களுக்குக் குரல் காதில் விழும். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் பெயரைச் சொல்லி மைக்கைக் கொடுக்கும் அந்த ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் மாறும்.

2020 டிசம்பரில் அப்துல் ஜப்பார் மறைந்த செய்தியைப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. பக்கத்து நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து மைக்கைப் பகிர்ந்துகொண்டவர் போய்விட்டால், மிச்சமிருப்பவர் எப்படி விடைகொடுக்கிறார்? மறுநாளும் அவர் அதே மைக்கின் முன்னால் பேசியாக வேண்டுமே! இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது பிபிசியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ நிகழ்ச்சியும், அதில் இருந்த இரண்டு பெரியவர்களும்தான்.

1957-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் நிகழ்ச்சி அது. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் சிற்றலையில் இரைச்சலோடு வரும். அலை ஏறும், இறங்கும். முக்கியமான பந்தின்போது சரியாக இறங்கும். 1979-இல் ஓவல் மைதானத்தில் கவாஸ்கர் 221 அடித்து, 438 என்ற இலக்கை இந்தியா நெருங்கி 429-இல் நின்றுபோன அந்தக் கடைசி நாளை அப்படித்தான் கேட்டேன்.

அந்த நிகழ்ச்சியின் ஏற்பாடு எளிமையானது. வர்ணனையாளர்கள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருவராக மாறிமாறிப் பேசுவார்கள். ஓவருக்கு ஓவர் ஆட்டத்தை அலசிச் சொல்ல ஒரு முன்னாள் வீரர் பக்கத்தில் இருப்பார். ஸ்கோர் எழுத ஒருவர். மழை வந்து ஆட்டம் நின்றாலும் இவர்கள் பேச்சு நிற்காது. கோடைக்காலம் முழுக்க, நாளுக்கு ஆறேழு மணி நேரம், ஒரு சின்ன அறைக்குள் அதே மனிதர்கள். இப்படி இருந்தால் ஒன்று நட்பு வரும், இல்லாவிட்டால் சண்டை வரும். ஜான் ஆர்லட்டுக்கும் பிரையன் ஜான்ஸ்டனுக்கும் இடையில் இரண்டுமே சரியாகப் பொருந்தாத ஓர் உறவு இருந்தது.

ஆர்லட் 1914-இல் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் பிறந்தவர். போலீஸ்காரராக வேலை பார்த்தவர், கவிதை எழுதுபவர். அந்தக் கவிதைதான் அவரை பிபிசிக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ் ஆர்வெல் பார்த்த, இந்தியா முதலிய கீழை நாடுகளுக்கான இலக்கிய நிகழ்ச்சி வேலை அவருக்குக் கிடைத்தது. 1946-இல் பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. நம் ஊர் நேயர்களுக்காக அந்த ஆட்டங்களை வர்ணிக்க ஆள் தேவைப்பட்டது. கிரிக்கெட் பைத்தியமான ஆர்லட்டை அனுப்பினார்கள். ஆக, உலகமே பிற்பாடு கொண்டாடிய அந்தக் கரகரத்த ஹாம்ஷயர் குரல் கிரிக்கெட்டுக்காக முதன்முதலில் புறப்பட்டு வந்தது இந்தியாவை நோக்கித்தான். இதை அறிந்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. இரண்டே ஆண்டில், 1948-இல், பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டாவது பந்தில் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தபோது மைக்கில் இருந்தவரும் ஆர்லட்தான்.

ஜான்ஸ்டன் வேறு ஒரு உலகத்திலிருந்து வந்தவர். 1912-இல் பிறந்தார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, பிறகு ராணுவம், போரில் வீரப் பதக்கம். பிபிசியில் முதலில் தொலைக்காட்சி வர்ணனை, 1970-இலிருந்து முழுக்க ரேடியோ. விளையாட்டுப் பிள்ளை மாதிரி பேசுவார். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பார். ஸ்கோர் எழுதிய பில் ஃபிரிண்டால் ‘தாடிக்கார அதிசயம்’ ஆனார். நேயர்கள் இவருக்கு அனுப்பிய கேக்குகள் அந்த அறையில் வந்து குவிந்தன.

அரசியலிலும் இருவரும் எதிரெதிர்த் துருவம். ஆர்லட் லிபரல் கட்சி வேட்பாளராக இரண்டு தேர்தல்களில் நின்று தோற்றவர். நிறவெறி ஆட்சியில் விளையாட வழியில்லாமல் தவித்த பேசில் டி’ஒலிவேரா கேப் டவுனிலிருந்து கடிதம் எழுதியபோது, 1960-இல் அவருக்கு இங்கிலாந்தில் ஒரு கிளப்பில் இடம் பிடித்துக் கொடுத்தவர். 1970-இல் தென்னாப்பிரிக்க அணி வருவதாக இருந்தபோது, அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்யமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சுற்றுப்பயணமே பிறகு ரத்தானது. ஜான்ஸ்டனோ விளையாட்டு உறவைத் துண்டிக்கக் கூடாது என்ற கட்சி. இப்படிப்பட்ட இருவர் பத்து வருஷம் ஒரே அறையில் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

துக்கத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபோல. ஜான்ஸ்டனின் தந்தை, மகனுக்குப் பத்து வயது இருக்கும்போது, கடலில் மூழ்கி இறந்தார். ஆர்லட்டின் மூத்த மகன் இளவயதில் கார் விபத்தில் போனான். அதன்பின் ஆர்லட் கருப்பு டைதான் கட்டினார். ரேடியோவில் டை தெரியாதே! கேட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேருக்கு அவர் சொன்னது பந்து எங்கே விழுந்தது, புறா எங்கே உட்கார்ந்தது என்பதை மட்டும்தான்.

1980 செப்டம்பர் 2. லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நூற்றாண்டு டெஸ்ட், கடைசி நாள். இதோடு டெஸ்ட் வர்ணனையை ஆர்லட் நிறுத்திக்கொள்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கவிஞர் ஆயிற்றே, என்ன சொல்லி முடிக்கப்போகிறார் என்று காத்திருந்தார்கள். இங்கிலாந்துக்கு இலக்கு 370. பாய்காட்டும் கவரும் ஆடுகிறார்கள். ஓவர் முடிந்தது. ஆர்லட் இருவரின் ரன்களைச் சொன்னார். 69 ரன்னுக்கு 2 விக்கெட் என்றார். டிரெவர் பெய்லிக்குப் பிறகு கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ் பேசுவார் என்றார். அவ்வளவுதான். 34 வருஷமாக எப்படி மைக்கைக் கொடுத்தாரோ அப்படியே கொடுத்துவிட்டு எழுந்தார்.

அறைக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மைதானத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கூட்டம் எழுந்தது. ஆஸ்திரேலிய வீரர்கள் வர்ணனை அறைப் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த பாய்காட் கையுறையைக் கழற்றிவிட்டுத் தானும் தட்டினார். அப்புறம் ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த ஓவரை யாராவது சொல்லத்தானே வேண்டும்!

ஒலிப்பதிவில் இதைக் கேட்ட முதல் தடவை எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர், இரண்டு வார்த்தை பேசியிருக்கலாமே என்று. வயது ஏற ஏறத்தான் அதன் அருமை தெரிகிறது. அடுத்துப் பேச வருகிறவருக்குத் தொண்டை அடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் ஒரு மரியாதை. ஆர்லட் சொன்ன கடைசிப் பெயர் தன்னுடையது இல்லை, சகாவினுடையது.

ஆர்லட் பிறகு ஆல்டர்னி என்ற சின்னத் தீவில் போய்க் குடியிருந்தார். 1991 டிசம்பரில் அங்கேயே காலமானார். அந்த வருஷக் கோடையில்தான் ஜான்ஸ்டனுக்கு ஒரு புதிய கூட்டாளி வந்து சேர்ந்திருந்தார். வேகப்பந்து வீச்சாளராக இருந்து ஓய்வு பெற்ற ஜொனாதன் ஆக்னியூ. ஜான்ஸ்டனைவிட 48 வயது இளையவர். ஆகஸ்டில் ஓவல் டெஸ்டில் இயன் போத்தம் தடுமாறி, ஸ்டம்பைத் தாண்டிக் காலைப் போட முடியாமல் பெயிலைத் தட்டிவிட்டு அவுட் ஆனார். அன்று மாலை அதைப் பற்றி ஆக்னியூ ஒரு சிலேடை சொல்லப்போக, ஜான்ஸ்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கோர் படிக்கப் பார்த்தார். முடியவில்லை. கெஞ்சினார். 79 வயதுப் பெரியவர் மூச்சு முட்டச் சிரித்தது நாடு முழுக்க ஒலிபரப்பானது. இன்றும் யாராவது எனக்கு அந்த ஒலித்துண்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

1993 ஆகஸ்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவுடன் கடைசி டெஸ்ட். இங்கிலாந்து ஜெயித்தது. ஜான்ஸ்டன் வழக்கம்போல விடைபெற்று வீட்டுக்குப் போனார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் வர்ணனை என்று அவருக்கும் தெரியாது, ஆக்னியூவுக்கும் தெரியாது. டிசம்பரில் டாக்ஸியில் ரயில் நிலையத்துக்குப் போகும்போது மாரடைப்பு. 1994 ஜனவரி 5-இல் காலமானார். மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுக் கூட்டம் நடந்தது. அடுத்த மாதமே அடுத்த டெஸ்ட். நிகழ்ச்சி தொடர்ந்தது. ஆக்னியூ ஜான்ஸ்டனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ‘நன்றி, ஜான்னர்ஸ்’ என்று பொருள்படும் தலைப்பு. அது வெளிவந்த வருஷம் 2010. கூட்டாளி போய்ப் பதினாறு வருஷம் கழித்து!

இந்தக் கதையில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்கலாம். எங்கள் ஊரில் ஒவ்வொரு கோடையிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். வங்கியில் என்னோடு வேலை பார்த்த நண்பரும் நானும் இருபது வருஷத்துக்கு மேல் அதற்கு மைக்கில் வர்ணனை சொன்னோம். பந்தலுக்குள் ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். ஐந்து ஓவர் அவர், ஐந்து ஓவர் நான். கட்சியிலும் கடவுள் விஷயத்திலும் எங்களுக்கு ஒத்துப்போனதே இல்லை. மைக்கைக் கொடுக்கும்போது மட்டும் சண்டை வராது. கடைசியாகச் சேர்ந்து பேசிய இறுதிப் போட்டியில், பரிசளிப்புக்கு முன்பே அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. “சார், மீதியை நீங்க பாத்துக்குங்க” என்று மைக்கைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

அடுத்த கோடையில் நான் தனியாக உட்கார்ந்தேன். முதல் ஐந்து ஓவர் முடிந்ததும் பழக்கதோஷத்தில் கை மைக்கோடு இடப்பக்கம் நீண்டது. நாற்காலி காலியாக இருந்தது. அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எழுதி வைத்திருந்தேன். குரல் உடைந்துவிடும் என்று தோன்றியதால் சொல்லவில்லை. ஸ்கோரைச் சொன்னேன். ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்து, இனி இவர் சொல்வார் என்று பெயரைச் சொல்லி மைக்கைக் கொடுத்தேன்.

2017 செப்டம்பரில் ஹென்றி புளோஃபெல்ட் ஓய்வு பெற்றபோது லார்ட்ஸ் மைதானத்தையே ஒரு சுற்று நடந்து வந்தார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவும் அழகுதான். அப்படி ஒரு நாள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலானோருக்கு ஜான்ஸ்டன் மாதிரிதான் நடக்கிறது. ஒரு சாதாரண மாலையில் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நீங்களும் யாருடனாவது ஒரு மைக்கையோ ஒரு மேஜையையோ பல வருஷமாகப் பகிர்ந்துகொண்டிருந்தால், அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பதினாறு வருஷம் காத்திருந்து புத்தகம் எழுத நம் எல்லாருக்கும் வயது இருக்காது.