கத்திரி வெயிலும் மதுரைக் கால்களும்

மதுரையில் மாசி வீதிகள் நான்கு இருக்கின்றன. ஆனால் பெரிய தேர் அந்த வீதிகளில் உருள்வது சித்திரையில். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் நடந்த அழகர் விழாவை மதுரை வைகைக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது மரபு வழியாகவும் ஆய்வாளர்கள் வழியாகவும் வரும் செய்தி. சைவத்தையும் வைணவத்தையும் இணைத்தார் என்பார்கள். அறுவடை முடிந்து சம்சாரி கையில் கொஞ்சம் காசும் நிறைய நேரமும் இருக்கும் காலம் பார்த்தார் என்றும் சொல்வார்கள். எந்தக் காரணமானாலும் விளைவு ஒன்றுதான். மதுரைச் சீமை முழுவதும் வீட்டை விட்டு வெளியே வந்து, ஆண்டிலேயே மிகக் கடுமையான வெயில் காலத்தில் நடக்கவும் ஓடவும் ஆடவும் தொடங்கியது. நாலு நூற்றாண்டாகியும் நிற்கவில்லை.

இந்த விழாவை உடற்பயிற்சிக் கண்ணோடு பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் வெயிலைக் கையாளும் ஒரு முழு ஏற்பாடு அதற்குள் இருப்பது தெரியும்.

அழகர்கோயிலிலிருந்து வைகை ஏறக்குறைய 21 கிலோமீட்டர். இன்றைய கணக்கில் ஓர் அரை மாரத்தான். கள்ளர் கோலத்தில் அழகர் மலையை விட்டுப் புறப்படுவது மாலையில். இரவு முழுக்கப் பயணம். விடிந்தும் விடியாமலும் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை; தல்லாகுளத்தில் தங்கல்; மறுநாள் விடியலில் குதிரை வாகனத்தில் ஆற்றில் இறக்கம். நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் பல்லக்கு நின்று நின்று வருகிறது. சாமிக்கு அது உபசாரம், பல்லக்குத் தூக்கும் சீர்பாதக்காரர்களுக்கு மூச்சு வாங்கும் இடம். கூட நடக்கும் சனத்துக்கு அங்கே நீர்மோரும் பானகமும் கிடைக்கும். நெடுந்தூர ஓட்டப் போட்டியில் சில கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை வைப்பது உலகத்தில் பழக்கமானது சென்ற நூற்றாண்டில்தான்.

பீய்ச்சும் தண்ணீர் தனிக் கதை. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் விழாவுக்கு வேடமிட்டு வரும் அடியார்களை வகைப்படுத்தும்போது, திரியெடுத்து ஆடுபவர், சாட்டையடித்து ஆடுபவர் ஆகியோரோடு துருத்தி நீர் தெளிப்பவரையும் சேர்க்கிறார். ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பித் தோளில் மாட்டி, முனையில் சிறு குழல் பொருத்தி, கையால் அழுத்தினால் நீர் மெல்லிய தாரையாகப் பாயும். வெயிலில் வரும் அழகரைக் குளிர்விப்பதாக நேர்த்திக்கடன். நனைவது அழகர் மட்டுமா என்ன? பல மணி நேரமாக நெருக்கியடித்து நிற்கும் கூட்டமே நனைகிறது. தோலில் படும் நீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த இயற்பியல். மோட்டார் வைத்து வேகமாகப் பீய்ச்சத் தொடங்கியதும் விஷயம் நீதிமன்றம் வரை போய், பழைய தோல் பையே போதும் என்றாகிவிட்டது வேறு கதை.

சம்சாரியின் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால், மதுரைச் சமவெளியில் உடம்பை முறுக்கேற்றும் பருவமே கோடைதான். தை அறுவடைக்குப் பிறகு, அடுத்த மழையோ வாய்க்கால் தண்ணீரோ வரும்வரை வயலில் வேலை குறைவு. கண்மாய் வற்றி, வெடித்த களிமண் தரை நல்ல திடலாகிவிடும். சடுகுடுக் கோடு கிழிப்பதும், சிலம்பம் பழகுவதும், இளவட்டக்கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் அந்த மாதங்களில்தான். ஆனால் எதுவும் உச்சியில் நடக்காது. விடியலில் கொஞ்சம், மஞ்சள் வெயிலில் கொஞ்சம், மீதி நிலா வெளிச்சத்தில். நடுப்பகலில் ஆலமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்த வெள்ளைக்காரர்கள், அவன் அதிகாலை நாலு மணிக்கு எழுந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குக் கண்ட வழி வேறு: ஓடிவிடுவது. 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களை அடுத்தடுத்து இழந்தார்கள். பழனி மலைமேல் ஏறி 1845இல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள், கொடைக்கானல் பிறந்தது. 1875இல் ரயில் மதுரைக்கு வந்தபின் அம்மையநாயக்கனூர் வரை ரயில், அங்கிருந்து இரவு முழுக்க மாட்டுவண்டி, கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதை. குதிரையில் ஏறத் தெம்பில்லாதவர்கள் டோலியிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து போனார்கள். கோடையில் மலையேறிக் குளிர்ச்சி கண்டவர்களின் நாட்குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவர்களைத் தோளில் சுமந்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிச் செங்குத்தான பாதையில் ஏறி, இறக்கிவிட்டு, அதே கோடைக்குத் திரும்பி இறங்கியவர்கள் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. வெயில் காலத்தில் உடம்பைத் தக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் மிக நன்றாகப் பதில் தெரிந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ரயிலும் மோட்டாரும் வருமுன் நாடு முழுக்க இதே கதைதான். பல்லக்குப் பயணம் கோடையில் இரவுப் பயணம். முன்னால் தீவட்டிக்காரன், நடுவில் பாட்டுக்கு அடி வைத்து ஓடும், பல்லக்குச் சுமக்கும் போகிகள். தபால் ஓட்டக்காரர்களும் அப்படியே. சில மைலுக்கு ஓர் ஆள் என்று பையை மாற்றிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒருவனே முழுத் தூரமும் போகாமல் துண்டு துண்டாகப் பிரித்து ஓடுவதால் உடம்பு சூடேறித் தளரும் முன்பே அவன் பங்கு முடிந்துவிடும்.

பள்ளிக்கூடம் வந்ததும் இந்த நேரக் கணக்கு கலைந்தது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், பின்னர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். அவர் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் மாகாணமெங்கும் பரவினார்கள். நல்ல காரியம்தான், தமிழ்நாட்டு ஓட்டக்காரர்களின் பரம்பரையே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பள்ளி மணி பத்து மணிக்கு அடிக்கும், டிரில் பீரியடு பன்னிரண்டுக்கு வந்தாலும் வரும். வெயிலுக்கு நேரம் மாற்றிக்கொண்ட ஊரில் நேரத்துக்கு வெயிலை ஏற்கும் முறை நுழைந்தது. கூடவே இன்னொரு நம்பிக்கையும் வந்தது: ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேல்நாட்டு மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கும் இதுதான் சொல்லிக் கொடுக்கப்பட்டது. குடித்தால் வயிறு பிடிக்கும், கால் கனக்கும் என்று டிரில் மாஸ்டர்கள் அதை வேதமாக்கினார்கள். வாசலுக்கு வாசல் நீர்மோர்ப் பந்தல் போடும் ஊரில், மைதானத்துப் பிள்ளைகள் நாக்கு வறள நின்றார்கள்.

அந்த மோரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஈர மணல்மேல் வைத்த மண்பானை, வாயைச் சுற்றி நனைத்த வெள்ளைத் துணி. தயிரைக் கடைந்து ஒன்றுக்கு நாலு தண்ணீர் விட்டு, கல்லுப்பு, நசுக்கிய இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும் என்று இன்றைய விளையாட்டு மருத்துவம் எச்சரிக்கிறது. உப்புப் போட்ட நீராகாரமும் சின்ன வெங்காயமும் கம்பங்கூழும் குடித்து வயலுக்குப் போனவர்கள் அதற்குத்தான் அப்படிக் குடித்தார்கள் என்று சொல்வது மிகை. ஆனால் குடித்தது சரியான பொருள். நகரத்துக்காரர்கள் கோடைக்கு ஜிகர்தண்டாவைச் சொல்வார்கள். நாவுக்கு அது நல்லது. பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் நிரம்பிய குவளையைக் குடித்துவிட்டு யாரும் ஓட முடியாது.

ஓடும் இடமும் கோடையோடு சேர்ந்தே மாறியது. வைகை வற்றினால் மணல், கண்மாய் வற்றினால் களிமண். 1645இல் வெட்டப்பட்ட வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்கூட, தண்ணீர் வராத ஆண்டுகளில் கிரிக்கெட் திடலாக இருந்ததை மதுரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது வைகை நீர் நிறைந்து குளம் குளமாகிவிட்டது. விளையாட்டு கரைக்கு ஏறி நடைப்பயிற்சியானது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி, ஆக ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். தண்ணீரைத் தொட்டுவரும் காற்றுக்காகவே காலையில் அங்கே கூட்டம். ஊருக்குள் பல கண்மாய்கள் வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டதால், அந்தக் காற்று கிடைக்கும் இடங்கள் குறைந்துவிட்டன.

கிராமங்கள் நேரத்தை மீண்டும் இரவுக்கே கொண்டுபோனது மின்சாரம் வந்த பிறகு. கோடையில் உசிலம்பட்டி, மேலூர் பக்கம் சுவர்களைப் பார்த்தால் ‘மின்னொளிக் கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி இருக்கும். மாரியம்மன் பொங்கலையோ கோயில் கொடையையோ ஒட்டி, நாலு கம்பம் நட்டு விளக்குக் கட்டி, புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்து, இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் இறுதி ஆட்டம் முடியக் கோழி கூவிவிடும். பரிசுத் தொகையோடு சுழற்கோப்பை. தோற்ற அணிக்கு விடியற்காலை முதல் பேருந்து.

இந்தச் சமவெளியின் மிகப் பெரிய ஓட்டக் கதை சக்கிமங்கலத்தில் தொடங்குகிறது. மதுரைக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் 1998இல் பிறந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலைக்குப் போன பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடினார். கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் கே. கண்ணன். பொம்பளப் பிள்ளையை ஓட அனுப்புவதா என்று தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். தேசிய முகாமுக்காகப் பாட்டியாலாவுக்குப் போகும்வரை அவருடைய ஓட்டம் வளர்ந்தது மதுரை வெயிலில்தான். 2021 ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தகுதித் தேர்வில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்தார். அதே மாதக் கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4×400 தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அணி 3 நிமிடம் 19.93 விநாடி எடுத்து இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. ஆனாலும் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஒரு பெண் ஒலிம்பிக் ஓடுதளத்தில் இறங்கியதை மதுரை மறக்கவில்லை.

அந்த ஒலிம்பிக்கில் வெயில் ஒரு போட்டியாளராகவே நின்றது. மாரத்தானை டோக்கியோவிலிருந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றியும் சூடு விடவில்லை. பெண்கள் ஓட்டத்தை முந்தைய இரவுதான் ஏழு மணியிலிருந்து ஆறுக்கு இழுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2019 தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் விட்டார்கள். அப்போதும் வெப்பம் 32 டிகிரி, புழுக்கம் வேறு. தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. இரவு மட்டும் போதாது, காற்று உலர்ந்திருக்கவும் வேண்டும் என்பதை அந்த ஓட்டம் காட்டியது. இந்த விஷயத்தில் மதுரை சென்னையைவிடப் பாக்கியம் செய்தது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் 38, 40 டிகிரிக்குப் போனாலும் பிற்பகல் காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காயும். கடற்கரை நகரத்தில் அது சொட்டிக்கொண்டே இருக்கும்.

உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்புக் குறையும், அதே ஓட்டத்துக்கு இதயம் மெதுவாகத் துடிக்கும். விடியலில் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தப் பழக்கம் முழுதாக வராது. ஆகவே போட்டிக்குத் தயாராகிறவர்கள் மாலை ஐந்து மணி வெயிலிலும் கொஞ்சம் ஓடித்தான் ஆக வேண்டும், மெதுவாக, நாள் நாளாகக் கூட்டி. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இந்தக் கணக்கை மனதில் வைத்துத் திருமங்கலம், உசிலம்பட்டிச் சாலைகளில் அதிகாலையில் கூட்டம் கூட்டமாக ஓடும் பிள்ளைகள் கோடையில் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சியாளர் கிடையாது; கூட ஓடும் அண்ணன் யாராவது கைப்பேசியில் நேரம் பார்ப்பார்.

நகரத்துக்குள் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. மழைக்கு அது வரப்பிரசாதம். காற்று 39 டிகிரியாக இருக்கும் நண்பகலில் அதன் மேற்பரப்பு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், அந்தி சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கால் சுடும். ஒரு மைதானத்துக்கு ஓடுதளம் போடக் கோடிகள் ஒதுக்கும்போது, சுற்றிலும் நாலு வரிசை புங்கையும் வேம்பும், இரவு பத்து வரை எரியும் விளக்கும், உப்பு நீரில்லாத குடிநீர்க் குழாயும் அதே கோப்பில் இருக்க வேண்டும். வாயிற்கதவு காலை நாலரைக்குத் திறக்க வேண்டும். சக்கிமங்கலம் மாதிரி ஊர்களில் செயற்கைத் தளமே வேண்டாம்; வற்றிய கண்மாய்க் கரையில் இரண்டு விளக்குக் கம்பம் நட்டாலே கோடை முழுக்க ஓட ஆள் வரும்.