நீராவி உலர்த்து உருளை

காகித இயந்திரத்தில் ஈரத்தாளின் நீரை ஆவியாக்கும், உள்ளீடற்ற உருளை. பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. வழக்கமான விட்டம் 1.5 அல்லது 1.8 மீட்டர். இங்கிலாந்தின் தாமஸ் பான்சர் கிராம்ப்டன் 1820இல் இவ்வகை உலர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

வெப்பப் பாதை: உள்ளே செலுத்தப்படும் நீராவி, சுவரில் பட்டு நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை விடுகிறது. 120 பாகை செல்சியசில் இது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,200 கிலோஜூல். ஒடுங்கிய நீர்ப்படலம், உலோகச் சுவர், தாளுக்கு அடியிலுள்ள மெல்லிய காற்றுப்படலம் ஆகியவற்றைக் கடந்தே வெப்பம் தாளை அடைகிறது. உலர்த்து துணி தாளை உருளையோடு அழுத்தித் தொடர்பை நெருக்கமாக்குகிறது.

ஒடுங்குநீர்: குறைந்த வேகத்தில் நீர் அடியில் தேங்கும், வேகம் கூடினால் சுவரோடு ஏறிச் சரியும், மேலும் கூடினால் மையவிலக்கு விளைவால் சுவர் முழுதும் வளையமாகப் படியும். கலக்கமற்ற இவ்வளையம் வெப்பத்தைத் தடுக்கிறது. சைஃபன் குழாய் நீரை வெளியேற்றுகிறது; உட்சுவரில் பொருத்திய நீள்பட்டைகள் எஞ்சியதைக் கலக்கி வெப்ப மாற்றத்தை உயர்த்துகின்றன. நீராவியோடு கலந்த காற்றும் வெப்ப மாற்றத்தைக் குறைப்பதால், அதையும் வெளியேற்ற வேண்டும்.

திறன்: நீரைப் பிழிந்து நீக்குவது ஆவியாக்குவதைவிடச் செலவு குறைந்தது. இவ்வாறு பிழியும் அழுத்துப் பகுதியிலிருந்து வரும் தாளின் உலர்வு 1 சதவீதப் புள்ளி கூடினால், நீராவித் தேவை சுமார் 4 சதவீதம் குறையும். உருளைகளை மூடிய கூரைகளின் வழியே வெளியேறும் ஈரக்காற்றின் வெப்பமும் மீட்கப்படுகிறது.