விக்கிபீடியா ஒரு நாள் முழுக்க இருண்டது ஏன்? அமெரிக்காவை அதிரவைத்த 'சோபா' எதிர்ப்பு... முழு விவரம்!

2012 ஜனவரி 18. ஆங்கில விக்கிபீடியாவைத் திறந்தவர்களுக்குக் கட்டுரை வரவில்லை. கறுப்புப் பக்கம்தான் வந்தது. 24 மணி நேரம் இதே நிலை. அன்று ரெடிட் தளமும் 12 மணி நேரம் மூடப்பட்டது. கூகுள், அமெரிக்க முகப்பில் தன் லோகோவைக் கறுப்புப் பட்டையால் மறைத்தது. எல்லாம் இரண்டு மசோதாக்களுக்கு எதிராக!

சோபா, பிபா என்றால் என்ன?

இணையத் திருட்டைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2011-ல் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் இவை. செனட் சபையில் 'பிபா'வை மே மாதம் பேட்ரிக் லேஹி கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் 'சோபா'வை அக்டோபரில் லாமர் ஸ்மித் அறிமுகம் செய்தார்.

திருட்டுப் படம், பாட்டு வெளியிடும் வெளிநாட்டுத் தளங்கள்தான் குறி. சர்வர் வெளிநாட்டில் இருப்பதால் அமெரிக்கச் சட்டத்தால் அவற்றைத் தொட முடியவில்லை; எங்களுக்குப் பெரும் நஷ்டம் என்பது ஹாலிவுட் மற்றும் இசை நிறுவனங்களின் வாதம்.

எப்படித் தடுப்பார்கள்?

* தளத்தின் முகவரியை இணைய சேவை நிறுவனங்கள் முடக்க வேண்டும்.
* தேடுபொறிகள் அதன் லிங்கை நீக்க வேண்டும்.
* விளம்பரம், பணப் பரிவர்த்தனை நிறுவனங்கள் அதனுடன் தொடர்பைத் துண்டிக்க வேண்டும்.

நல்லதுதானே, பிறகு ஏன் எதிர்ப்பு?

சிக்கல் இங்கேதான். 1998-ல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி, புகார் வந்தால் குறிப்பிட்ட வீடியோவையோ பக்கத்தையோ நீக்கினால் போதும். புதிய மசோதாக்களோ முழுத் தளத்தையே குறிவைத்தன. யாரோ ஒரு பயனர் போட்ட பதிவுக்காக மொத்தத் தளமும் சிக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. முகவரியை முடக்கும் முறை இணையப் பாதுகாப்பையே பலவீனமாக்கும் என்று தொழில்நுட்ப வல்லுநர்களும் எச்சரித்தனர்.

ஒரே நாளில் என்ன மாறியது?

விக்கிபீடியாவின் கறுப்புப் பக்கத்தை 16 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். அதில் இருந்த வசதி மூலம் 80 லட்சம் பேர் தங்கள் தொகுதி உறுப்பினரின் தொடர்பு விவரங்களைத் தேடினர். கூகுளின் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டனர். மார்கோ ரூபியோ உள்ளிட்ட செனட்டர்கள் ஆதரவை வாபஸ் பெற்றனர். ஜனவரி 24-ல் நடக்கவிருந்த 'பிபா' வாக்கெடுப்பு, ஜனவரி 20-ம் தேதியே ஒத்திவைக்கப்பட்டது. 'சோபா'வும் அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது. அதன்பின் இரண்டுமே நிறைவேறவில்லை.

ஒரு சுவாரஸ்யம்: அன்று மொபைலில் விக்கிபீடியா பார்த்தவர்களுக்குக் கட்டுரைகள் வழக்கம்போலக் கிடைத்தன!

அப்போ திருட்டுத் தளங்கள் தப்பித்தனவா?

இல்லை. மறுநாளே, ஏற்கெனவே இருந்த சட்டங்களை வைத்தே 'மெகாஅப்லோட்' தளத்தை அமெரிக்க நீதித்துறை முடக்கியது. புதிய சட்டம் நிஜமாகவே தேவையா என்ற கேள்விக்கு இது வலு சேர்த்தது.

எல்லா இடத்திலும் இது பலிக்குமா?

பலிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்புரிமை விதிகளை எதிர்த்து 2019 மார்ச் 21-ல் ஜெர்மன் விக்கிபீடியா தன்னை முடக்கிக்கொண்டது. ஐந்தே நாளில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த விதிகளை 348-274 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது.

படைப்பாளியின் உழைப்புக்குப் பாதுகாப்பு வேண்டும். அதற்காகத் தவறு செய்யாத தளமும் முடங்கிவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் இன்றும் தொடரும் விவாதம்.